காது மெஷினும் செல்போனும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பாலக்கோட்டுக்காரன்:
அப்பாவுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின். தருமபுரியில் ஒரு கடையில் புது பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்த அன்று மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். போனைக் காதில் வைத்ததுமே அப்பா முகம் சுருங்கிவிட்டது. "டேய், உள்ள வண்டு கத்துதுடா" என்று அம்மாவிடம் நீட்டிவிட்டார். பேத்தி பிறந்த சேதியை அம்மா கத்திச் சொல்லித்தான் கேட்டார். கடையில் போய்க் கேட்டால், அட்டையைக் காட்டி "எஸ்ஏஆர் 1.6க்குக் கீழதான், கவர்மென்ட் பாதுகாப்பு அளவுக்குள்ள இருக்கு" என்கிறார்கள். அந்தப் பதில் இன்னும் மனதை அறுக்கிறது.

ஊத்தங்கரை தம்பி:
கதிர்வீச்சு அதிகமான போன், அதான் இரைச்சல். எங்கள் மாமாவுக்கும் பஸ்ஸில் இப்படித்தான், மெஷினையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். போனை மாற்றுங்கள்.

மாங்காய் மண்டி:
தம்பி, இரண்டையும் குழப்பாதீர்கள். எஸ்ஏஆர் என்பது போனின் அலையை உடம்பு எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற கணக்கு. ஒரு கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டு விதி. ஸ்டார் ஹாஷ் 07 ஹாஷ் அழுத்தினால் அந்த அளவு வரும். மெஷினில் இரைச்சல் வருமா வராதா என்று அது சொல்லாது. 2ஜி போன் அலையை விட்டுவிட்டு, நொடிக்குச் சுமார் 217 முறை அனுப்பும். அந்தத் துடிப்பை மெஷின் பிடித்துப் பெருக்குவதுதான் 'இர்ர்'. சிக்னல் குறைந்தால் போன் இன்னும் பலமாக அனுப்பும், சத்தமும் கூடும். எங்கள் அம்மாவுக்கு மண்டியிலிருந்து விலை சொன்னபோது இருபத்தேழா முப்பத்தேழா என்றே புரியவில்லை.
அமெரிக்காவில் இதற்கென்றே எம்3, டி3 என்று தரம் வைத்தார்கள். எம் மைக்குக்கு, டி மெஷினுக்குள் இருந்து போனின் காந்தப்புலத்தைப் பிடிக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு). எண் கூடக்கூட நல்லது. எல்லா மாடலும் காது மெஷினுக்கு ஒத்துவர வேண்டும் என்று 2024ல் அங்கே விதியே போட்டுவிட்டார்கள். உங்கள் அப்பாவை 4ஜியில் பேசச் சொல்லுங்கள். போனைக் காது ஓட்டையில் வைக்காமல், காதுக்கு மேலே மெஷினின் மைக் பக்கம் பிடிக்கட்டும். மெஷினை வாங்குவதற்கு முன் தன் போனிலேயே பேசிப் பார்க்க வேண்டும்.

பாலக்கோட்டுக்காரன்:
அண்ணா, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், எம்3 என்ற எழுத்தே இல்லை. கடையிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா மாதிரி ஆட்கள் எதை வைத்துத்தான் வாங்குவது?

பென்னாகரம் டீச்சர்:
மெஷினை டியில், அதாவது அந்தக் காயிலில் வைத்தும் அத்தைக்கு 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் பேச்சின் நடுவே கரண்ட் போனது, சத்தமும் நின்றது. "இப்பத்தான்டா உன் குரல் கேக்குது" என்று மகனிடம் சொல்லிவிட்டு நிறையப் பேசினார். அவர் உட்காரும் நாற்காலி மீட்டர் பெட்டிக்கு அடியில் இருந்தது. வயரின் காந்தப்புலத்தையும் அந்தக் காயில் இழுக்குமாம், காது சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் சொன்னார். இப்போது நாற்காலி திண்ணையில்.