மறு: 'ரியல் டைம்' – நிகழ்நேரமா, மெய்ந்நேரமா, கெடுவா?

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை டிப்ளமோ வகுப்புக்கு இயக்குதள (ஆபரேட்டிங் சிஸ்டம்) பாடக் குறிப்பு வேண்டும். அதில் வரும் 'ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நாம் இன்னும் தலைப்பிலேயே நிற்கிறோம்.

நிகழ்நேரமே போதும் என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது வினைத்தொகை, மூன்று காலமும் அதில் மறைந்திருக்கின்றன. அதைக்கூட விடலாம். கிரிக்கெட் ஸ்கோர் நிகழ்நேரத்தில் வருகிறது என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, உடனுக்குடன் நடப்பதுதான் ரியல் டைம் என்று எடுத்துக்கொள்ளும். இங்கே வேகம் முக்கியமில்லை. சொன்ன கெடுவுக்குள் வேலை முடிந்ததா என்பதுதான் பேச்சு.

விசைத்தறி ஊரான சோமனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தறியைக் காட்டினால் புரிந்துவிடும். காற்றை ஊதி நிமிடத்துக்கு 600 ஊடை (குறுக்கு இழை) போடும் ஏர்ஜெட் தறியில் ஓர் ஊடைக்குக் கிடைப்பது 100 மில்லிசெகண்ட். ஊடை மறுகரைக்கு வந்து சேரவில்லை என்று சென்சார் சொன்னால், அந்த நேரத்துக்குள்ளேயே தறி நின்றாக வேண்டும். திரையில் மீட்டர் கணக்குக் காட்டும் வேலை அரை விநாடி பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டையும் ஒரே கணினி பார்க்கும்போது, எல்லா வேலைக்கும் முறைவைத்து நேரம் பங்கிடும் இயக்குதளம் சராசரியில் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயனில்லை. ஒருமுறை பிந்தினாலும் துணியில் பழுது விழுந்ததுதான்.

முக்கியமான வேலைக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தீராது. 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தில், கடைநிலை வேலை ஒன்று பூட்டைப் (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் தொடவிடும் ஏற்பாடு) பிடித்திருக்க, இடைநிலை வேலை குறுக்கே ஓட, முதல்நிலை வேலை காத்துக்கிடந்தது. கெடு தவறியதும் கணினி தானாக மறுபடி மறுபடி தொடங்கியது. பூட்டு வைத்திருக்கும் வேலைக்கு, காத்திருக்கும் வேலையின் முன்னுரிமையைத் தற்காலிகமாக ஏற்றிவிடும் வசதியை இயக்கிய பிறகே சரியானது.

மெய்ந்நேரம் வேண்டாம். அதே பாடத்தில் மெய்நிகர் நினைவகம் (வர்ச்சுவல் மெமரி) வருகிறது. இரண்டு 'மெய்'யும் சேர்ந்து குழப்பும். குறளின் காலமறிதலை வைத்து 'காலமறி இயக்குதளம்' என்ற கோபிச்செட்டிபாளையத்து ஐயாவின் சொல் அழகுதான். ஆனால் காலத்தை அறிந்தால் போதாதே, தவறாமல் இருக்க வேண்டுமே.

அப்புறம் கெடு. நான் சொன்ன 'கெடுநேரம்' என்றால் கெட்ட நேரம் என்று படும் என்ற மறுப்பு நியாயம். அந்தத் தொடரைக் கைவிடுகிறேன். ஆனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் 'கடுவு' இருப்பதைக் காட்டி, கெடுவே தூய தமிழில்லை என்பதை ஏற்க மாட்டேன். சத்தியமங்கலத்தில் மலை ஏறினால் கன்னடம். சொற்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருக்கும். வட்டிக்காரர் வைக்கிற கெடு என்னவென்று எங்கள் வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, தலைப்பில் பெரும்பான்மைப்படி நிகழ்நேரம் என்றே போடுகிறேன். உள்ளே கெடு, கெடு தவறக்கூடாத வேலை, கெடு தவறினால் பொறுக்கும் வேலை என்று வரும். நான் முன்பே சொன்ன 'காலந்தவறா இயக்குதளம்' என்பதற்கு என் ஓட்டு அப்படியே இருக்கிறது. ஞாயிறு மாலைக்குள் வேறு யாராவது அதை ஆதரித்தால் தலைப்பையும் மாற்றிவிடுவேன்.