கோலாலம்பூர் – சைகோன் விமானம்: போக ஒரு மணி, வர மூன்று மணியா?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனில் அரசுப் பணியில் இருந்தவர் எங்கள் தாத்தா. அவர் வாழ்ந்த ஊரை, எழுபது வயதைக் கடந்துவிட்ட அம்மாவுக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று, சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். பயண முகவர் தந்த தாளின்படி, கோலாலம்பூரில் காலை 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் 11.00 மணிக்கே ஹோ சி மின் நகரத்தில் (சைகோனின் இன்றைய பெயர்) இறங்கிவிடுகிறது. திரும்பும் விமானமோ மாலை 5.00 மணிக்குக் கிளம்பி இரவு 8.00 மணிக்குத்தான் சேர்கிறது. முகவரைக் கேட்டால், கணினி காட்டுவது அதுதான் என்கிறார். எது சரி?

பதில் (லாசுப்பேட்டை)

இரண்டும் சரிதான், ஐயா. நம் நேரத்தைவிட மலேசியா இரண்டரை மணி நேரமும், வியட்நாம் ஒன்றரை மணி நேரமும் முன்னால் இருக்கின்றன. தாளில் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிடுவதால், போகும்போது ஒரு மணி நேரம் குறைந்தும் வரும்போது கூடியும் தெரிகிறது. உண்மையான பயணம் இருவழியிலும் இரண்டு மணி நேரமே.

இரு நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 1,050 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானம் வானில் இருப்பது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்; மீதி, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதிலும் இறங்கிய பின் வாயிலை அடைவதிலும் கழியும். திரங்கானு கடற்கரையை ஒட்டிக் கடலுக்குள் சென்று, மேகாங் கழிமுகத்தின் மேலே வியட்நாமுக்குள் நுழைவதே நேர்வழி. காலை விமானத்தில் வலப்பக்கம் வெயில் அடிக்கும் என்பதால் அம்மாவுக்கு இடப்பக்கச் சன்னலைக் கேளுங்கள். இறங்கும் முன் மேகம் இல்லையென்றால், செம்மண் நிற ஆற்றுக் கிளைகளும் வயல்களும் நன்றாகத் தெரியும்.

பதில் (மஞ்சக்குப்பம், கடலூர்)

தூரத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது கோலாலம்பூர் இடைவெளியை. சென்னையிலிருந்து அங்கு வரையிலான நான்கு மணி நேரப் பயணமும் அடுத்த விமானமும் ஒரே பயணச்சீட்டில் இருந்தால், பெட்டிகள் பொதுவாக நேராக சைகோனுக்கே போய்விடும். தனித்தனிச் சீட்டு என்றால், பெரும்பாலும் குடிநுழைவைக் கடந்து, பெட்டிகளை எடுத்து, மீண்டும் ஒப்படைக்க நேரும். முனையம் 1, முனையம் 2 இரண்டுக்கும் இடையே ரயிலில் மாறவும் வேண்டியிருக்கலாம். வயதானவருடன் செல்வதால் நான்கு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். சக்கர நாற்காலியை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு வியட்நாம் மின்விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். நம் ஊரில் பலரிடம் இருப்பதுபோல் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு என்றால் 45 நாள் வரை விசா தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இப்போதுதான் பார்க்கிறேன், எங்களுடையவை தனித்தனிச் சீட்டுகள். இடைவெளி இரண்டு மணி நேரம்கூட இல்லை. பிற்பகல் விமானத்துக்கு மாற்றித் தருமாறு முகவரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. விசா எனக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும்.