புல்தரை நடுவில் காய்ந்துகொண்டே போகிறது, அவசரம்

உறையூர்_வாசு:
வீட்டு முன்னால் போட்ட புல் வைக்கோலாகிக்கொண்டிருக்கிறது, தினமும் தண்ணீர் விட்டும் கேட்கவில்லை, கத்திரி முடிவதற்குள் மொத்தமும் போய்விடும் போல. என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தோட்டக்கிறுக்கன்:
என்ன புல்? கொரியனா, மெக்சிகனா? போர் தண்ணீரா? படம் போடுங்கள்.

சம்பங்கி:
நூற்றுக்கு நூறு வேர்ப்புழுதான். ஒரு பிடி இழுத்துப் பாருங்கள், வேரில்லாமல் பாய் மாதிரி கையோடு வரும்.

பழைய_கை:
கோடை வந்தால் இதே கேள்வி, பழைய பதில்களைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. தினமும் ஐந்து நிமிடம் தெளித்தால் மேல்மண்தான் நனையும், வேரும் அங்கேயே நின்றுவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, விடியற்காலையில், அரை அடி இறங்கும்படி விடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துவிடும். ஒட்ட வெட்டாதீர்கள். இந்த வெயிலில் யூரியா கூடவே கூடாது. இதெல்லாம் பாலபாடம்.

உறையூர்_வாசு:
கொரியன். காவிரித் தண்ணீர்தான், உப்பு இல்லை. வேரோடுதான் வருகிறது. ஓரமெல்லாம் பச்சை, நடுவில் மட்டும் காய்கிறது.

அருகு:
திருச்சி வெயிலுக்கு அருகம்புல்தான் சரி. மேலே காய்ந்தாலும் அடித்தண்டு உயிரோடு கிடந்து ஒரு மழைக்குத் தளிர்த்துவிடும். குடிதண்ணீரைக் கொட்டிக் கொரியன் வளர்ப்பதே அநியாயம்.

சம்பங்கி:
அருகு எங்கள் கத்தரிப் பாத்திக்குள் புகுந்து இன்னும் களையெடுத்து மாளவில்லை. பிள்ளையாருக்குச் சாத்தலாம், வீட்டில் வளர்க்க ஆகாது.

அருகு:
ஓரக்கல் பதிக்காதது புல்லின் குற்றமா?

தோட்டக்கிறுக்கன்:
சண்டை அப்புறம். வாசு, காய்ந்த இடம் ஓரம் வெட்டினாற்போல் சதுரமாக இருக்கிறதா? அடியில் என்ன?

உறையூர்_வாசு:
ஆமாம் சார், கோடு போட்ட மாதிரி. கீழே சம்ப், தரைக்கடியில் தண்ணீர் சேமிக்கிற தொட்டி. அதற்கும் புல்லுக்கும் என்ன?

தோட்டக்கிறுக்கன்:
அதுதான் விஷயமே. ஸ்லாப் மேல் நாலு விரல் மண் இருந்தால் அதிகம். வேர் இறங்க வழியில்லை, கான்கிரீட்டும் சூடேறி ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்தச் சதுரத்துக்கு மட்டும் பழைய கை சொன்னது பொருந்தாது. தினமும் காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் விடுங்கள். இப்போதைக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். மண் ஏற்றுவதென்றால் ஸ்லாப் பாரம் தாங்குமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள், இல்லையேல் அங்கே பூந்தொட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழைய_கை:
சம்ப் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உறையூர்_வாசு:
வலை கட்டியாச்சு. நன்றி.

மணப்பாறை_ராணி:
எங்கள் வீட்டிலும் இப்படித்தான், ஆனால் அடியில் செப்டிக் டேங்க். மண் ஏற்றலாமா?