வாங்காத கடனுக்கு வசூல்காரர் போன், ரிப்போர்ட்டிலும் ஏறியிருக்கிறது. உதவி தேவை

மாடிவீடு:
அவசரம். வீட்டுக் கடன் கேட்டிருந்தேன், ஸ்கோர் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் 52,000 ரூபாய் பாக்கி என்று ஒரு கணக்கு. அந்தக் கம்பெனி பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு வாரமாக ஒருவர் போன் செய்து, இன்றைக்கே 5,000 கட்டினால் ஃபைலை மூடிவிடலாம் என்கிறார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

குமிழி:
என்ன கடன் என்று போட்டிருக்கிறது? தனிநபர் கடனா, கார்டா? கணக்கு தொடங்கிய தேதி?

இஎம்ஐ_அடிமை:
பான் கார்டு திருட்டு, சந்தேகமே வேண்டாம். கடன் செயலிகளில் யாரோ உங்கள் பெயரில் வாங்கியிருக்கிறார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்துப் புகார் கொடுங்கள்.

குமிழி:
போன வாரம் ஒருவருக்கு ஏடிஎம் கார்டு வேலை செய்யாததற்கும் இதையேதான் சொன்னீர்கள். தேதி வரட்டும் சார்.

தென்றல்83:
5,000தானே? கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழைய_காசாளர்:
ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியாமலே இழை திறந்துவிடுகிறார்கள். தெரியாத கம்பெனி என்றால் மோசடி என்று அர்த்தமில்லை தம்பி. வங்கிகள் வாராக்கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடும். அதன்பிறகு ரிப்போர்ட்டில் வாங்கியவர் பெயர் வரும். தொடங்கிய தேதியைப் பார்த்து, அந்த வருடம் என்ன கார்டு வைத்திருந்தீர்கள் என்று யோசியுங்கள். கவுன்ட்டரில் 26 வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

மாடிவீடு:
2016, கிரெடிட் கார்டு என்று இருக்கிறது. அப்போது ஒரு கார்டு இருந்தது உண்மைதான். ஆனால் அதை 2020 பிப்ரவரியிலேயே முடித்துவிட்டேன், அதனால்தான் சொல்லவில்லை.

குமிழி:
முடித்தேன் என்றால்? முழுசாகக் கட்டியா, பேசிக் குறைத்தா?

மாடிவீடு:
பேசித்தான். 92,000க்கு 40,000 கட்டினேன். கடிதம் கொடுத்தார்கள், வீட்டில் எங்கோ இருக்கும். காலை ஏழு மணிக்கே போன் வருகிறது. நேற்று மாமனாருக்கே அடித்துவிட்டார்கள், வீட்டில் பெரிய ரகளை.

குமிழி:
92ல் 40 போனால் 52. தள்ளுபடி செய்த தொகையைக் கணக்கில் கழிக்காமலே விற்றிருக்கிறார்கள் போல. கடிதத்தைத் தேடுங்கள், முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

போன் பற்றி: காலை 8க்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் வசூல் முகவர் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. குடும்பத்தாரைத் தொந்தரவு செய்வதும், மிரட்டுவதும், நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்துவதும் கூடாது. அடுத்த முறை பெயர், அடையாள அட்டை, எந்த நிறுவனம் அனுப்பியது என்ற கடிதம், மூன்றையும் கேளுங்கள். அழைப்பு வந்த நாளும் நேரமும் குறித்து வையுங்கள், மாமனாருக்கு வந்ததையும் சேர்த்து.

இஎம்ஐ_அடிமை:
2020 என்றால் மூன்று வருடம் தாண்டிவிட்டதே! காலாவதி. கடனே செத்துப்போச்சு. 5,000 கட்டினால் திரும்ப உயிர் வந்து இன்னொரு மூன்று வருடம் ஓடும், ஜாக்கிரதை.

பழைய_காசாளர்:
ஒரு பதிவில் இரண்டு தப்பு. 1963 காலவரையறைச் சட்டம் வழக்குப் போடும் வழியைத்தான் அடைக்கும், கடனை அழிக்காது. பகுதிப் பணம் கட்டினால் கெடு புதிதாக ஓடும் என்பது, கெடு முடிவதற்குள் கட்டினால்தான். முடிந்தபின் கட்டியதற்கு அது இல்லை. ஆனால் முடிந்த பிறகும் 'கட்டுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவுப்படி அதுவே புது வாக்குறுதி ஆகிவிடும். மாட்டுவது அங்கேதான்.

தென்றல்83:
அப்படியென்றால் நான் சொன்னபடி கட்டலாம்தானே?

பழைய_காசாளர்:
முடித்த கணக்குக்கு எதற்கம்மா கட்ட வேண்டும்?

தென்றல்83:
அம்மா இல்லை, ஐயா.

இஎம்ஐ_அடிமை:
வழக்குப் போட முடியாத கடன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? காசாளர் இன்னும் வங்கிக்காகத்தான் பேசுகிறார்.

பழைய_காசாளர்:
ரிப்போர்ட்டில் நிற்குமே, அதுதான் என்ன! காலாவதியான கடன் தானாக ரிப்போர்ட்டிலிருந்து போகாது. பழைய விவரத்தைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது ரிப்போர்ட் தரும் நிறுவனங்களுக்கான விதி. படித்துவிட்டு வாதாடலாம்.

குமிழி:
இருவரும் வேறு இழையில் கட்டிப் புரளுங்கள், கேட்டவர் பயந்து ஓடிவிடுவார்.

மாடிவீடு, கடிதம் கிடைத்ததும் இரண்டு வேலை. ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் தளத்திலேயே திருத்தம் கேளுங்கள், கட்டணம் இல்லை. பழைய வங்கிக்கும் கடித நகல், பணம் கட்டிய ரசீதோடு மின்னஞ்சல் போடுங்கள். நாட்டில் இப்படி நான்கு நிறுவனங்கள் உண்டு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். ஒன்றில் திருத்திவிட்டு மற்ற மூன்றில் தப்பை விட்டுவிடாதீர்கள், அடுத்த வங்கி எதைப் பார்க்கும் என்று சொல்ல முடியாது.

30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு, 2024 ஏப்ரலிலிருந்து. அப்படியும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், வக்கீல் தேவையில்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாக்கி பூஜ்யமாகும். ஆனால் 'செட்டில்டு', அதாவது பேசிக் குறைத்து முடித்தது என்ற வார்த்தை போகாது, ஏனென்றால் அது உண்மை. முழுசாகக் கட்டி முடித்தது போல 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

பழைய_காசாளர்:
பரவாயில்லை, இந்த இழையில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கிறது.

குமிழி:
மாடிவீடு, கடிதம் கிடைத்ததா?

இஎம்ஐ_அடிமை:
ஆள் காணோம். 5,000 கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

மாடிவீடு:
மன்னிக்கவும், இந்தப் பக்கம் வரவே முடியவில்லை. கடிதம் மனைவியின் கல்யாணப் புடவைப் பெட்டியில் இருந்தது. பணம் கட்டவில்லை. அடையாள அட்டை கேட்டதும் அந்த ஆள் போனை வைத்தார், அதோடு சரி. திருத்தம் வர 46 நாள் ஆனது. பாக்கி இப்போது பூஜ்யம். இழப்பீடு 1,600 வந்தது. எல்லாருக்கும் நன்றி.

தென்றல்83:
வீட்டுக் கடன் கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.