போர்மலினில் போட்ட தசைத்துண்டில் நொதியம் பார்க்கலாமா?

நிலா (வெள்ளவத்தை):
வணக்கம். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் பயிற்சியில் இருக்கிறேன். போன வாரம் வெளியூரிலிருந்து 9 வயதுப் பிள்ளையின் தொடைத் தசைத்துண்டு வந்தது, இழைமணி (கலத்துக்குச் சக்தி தரும் மைற்றோகொன்றியா) நோயா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள், மூடியைத் திறந்தால் போர்மலின் மணம். "சாதாரணச் சாயம் போடலாம், நொதியம் பார்க்க முடியாது, திரும்ப எடுக்க வேணும்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். "இன்னொருக்கா வெட்டப் போறீங்களா?" என்று தாய் கேட்ட குரல் இன்னும் காதில் நிற்கிறது. இழையம் கெடாமல் இருக்கத்தானே போர்மலின்? புரதம் அங்கேயே இருந்தால் நிறம் ஏன் வராது?

பழைய ஆய்வுகூடக்காரன்:
தங்கச்சி, நாங்கள் நொதியத்துக்குச் சாயம் பூசுவதில்லை. அதற்குரிய தீனியைக் கொடுக்கிறோம், அது வேலை செய்தால்தான் அந்த இடத்தில் நிறம் படியும். போர்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். உருவம் நிற்கும், வேலை நின்றுவிடும். குளோரோஅசற்றேற் எஸ்ரரேஸ் மாதிரி ஒன்றிரண்டு நொதியம் போர்மலினில் போட்டு மெழுகில் பதித்த துண்டிலும் தாங்கும், தசையில் நமக்குத் தேவையானவை தாங்காது.

இழைமணி நோய்க்கு கொக்ஸ் (COX), எஸ்டிஎச் (SDH) என்ற இழைமணியின் இரண்டு நொதியங்களையும் ஒரே வெட்டில் பார்ப்போம். கொக்ஸ் வேலை செய்யும் நார் கபிலமாகும். அடுத்து எஸ்டிஎச் நீலத்தைப் போடும், ஆனால் கபிலம் நிறைந்த நாரில் அது தெரியாது, கொக்ஸ் இல்லாத நார் மட்டும் பளிச்சென்று நீலமாக நிற்கும். கொக்ஸின் சில பகுதிகளுக்கான குறிப்பு இழைமணியின் சொந்த டிஎன்ஏயில் இருக்கிறது, எஸ்டிஎச்சுக்கு முழுவதும் கலக்கருவின் டிஎன்ஏயில். அதனால்தான் ஒன்று போய் மற்றது மிஞ்சுகிறது. வயதானவர்களில் அப்படி ஓரிரு நீல நார் இருந்தால் பெரிதாக எடுக்கத் தேவையில்லை, 9 வயதில் தெரிந்தால் விடக்கூடாது.

கிரையோஸ்ரற்_அக்கா:
இரண்டாவது முறை பிழைக்கக்கூடாது, அதனால் சத்திரசிகிச்சைக்கு முன்பே தியேட்டருக்குப் போன் பண்ணி ஆளோடு பேசுங்கள், கடிதம் போதாது. சேலைனில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி, அதில் துண்டைச் சுற்றி இறுக மூடிய சின்னப் போத்தலில், போத்தலை ஐஸுக்கு மேல். துண்டு சேலைனில் மிதக்கக்கூடாது, ஐஸில் நேரே படக்கூடாது, சாதாரண பிறீசரில் வைக்கவே கூடாது. மெதுவாக உறைந்தால் நாருக்குள் பனிப்பளிங்கு வளர்ந்து, நுணுக்குக்காட்டியில் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். காலி வீதியில் வாகனம் மாட்டிக்கொள்ளும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

ஆய்வுகூடத்தில் திரவ நைதரசனுக்குள் நேரே போடாதீர்கள், துண்டைச் சுற்றி வாயு போர்வை மாதிரி நின்று குளிரைத் தடுக்கும். ஐசோபென்டேன் என்ற திரவத்தை நைதரசனில் குளிரவையுங்கள், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உறையத் தொடங்கும்போது, கிட்டத்தட்ட -160 பாகையில், துண்டை இறக்குங்கள். பிறகு கிரையோஸ்ரற்றில் (உறைந்த துண்டை மெல்லியதாக வெட்டும் பொறி) 8 முதல் 10 மைக்ரோன் வெட்டு. பக்கத்தில் நல்ல தசையின் வெட்டு ஒன்றும் கட்டாயம் வையுங்கள், அது இல்லாவிட்டால் நிறம் வராததற்கு நோய் காரணமா, பழைய கரைசல் காரணமா என்று சொல்ல முடியாது.

நிலா:
மிக நன்றி அண்ணா, அக்கா. பழைய துண்டைத் தூக்கி எறியலாமா?

பழைய ஆய்வுகூடக்காரன்:
எறியாதீர்கள். நாரின் அளவு, அழற்சி, நார்களுக்கிடையே கொழுப்பு இழையம் ஏறினதா என்பதெல்லாம் அதில் தெரியும். திரும்ப வெட்ட முன்னம், இரத்தத்தில் மரபணுப் பரிசோதனையால் விடை கிடைக்குமா என்று வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது தையல் வேண்டாம்.