85 மதிப்பெண் பெற்ற சென்டர் பேக் என் ஆட்டத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறார்?

நடுக்களவாசி (கேள்வி):

பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கால்பந்து வீடியோ கேம்களை ஆடி வருகிறேன். பெரும்பாலும் கேரியர் மோடில் கணினியை எதிர்த்து ஆடுபவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த முறை என் அணியில் ஒரு மூத்த சென்டர் பேக் (கோலுக்கு முன்னே நடுவில் நிற்கும் தற்காப்பு வீரர்) இருக்கிறார். ஓவரால் (ஒட்டுமொத்த மதிப்பெண்) 85, பந்தை இடைமறிப்பது, எதிராளியைக் கண்காணிப்பது, நின்றபடி பந்தைப் பறிப்பது ஆகிய எல்லாமே 85க்கு மேல், வேகம் மட்டும் 50ஐ ஒட்டி இருக்கிறது. ஆனால் 74 ஓவராலும் 94 வேகமும் கொண்ட ஒரு விங்கர் (ஓரமாக ஓடித் தாக்கும் வீரர்), ஒவ்வோர் ஆட்டத்திலும் இவரைத் தூண் போல நிறுத்திவிட்டுக் கடந்து போகிறார். உண்மையான மைதானத்தில் இத்தகைய மூத்த தற்காப்பு வீரர்கள், பந்து வருவதற்கு இரண்டடி முன்பே சரியான இடத்தில் நின்றுகொள்வதால்தான் முப்பத்தைந்து வயதிலும் உயர்நிலை லீகுகளில் ஆடுகிறார்கள். அந்த அறிவுக்குத்தானே 85 கொடுத்திருக்கிறார்கள்? கொடுத்த மதிப்பெண் பொய்யா, அல்லது கொடுத்துவிட்டு ஆட்டத்தில் அதைப் பயன்படுத்த மறந்துவிட்டார்களா?

மெய்ம்மைக்காக மதிப்பெண்களை நானே திருத்தலாம் என்று எண்ணுகிறேன். அப்படிச் செய்தால் ஆட்டத்தின் சமநிலை குலையுமா, ஸ்லைடர்களை (கேமின் பொது அமைப்புகளை) மாற்றினாலே போதுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தரவுத்திருத்தி:

மதிப்பெண் பொய் இல்லை, நண்பரே; ஓவரால் என்ற எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் குழப்பம். அந்த எண் ஒரு வீரரின் எல்லாத் திறன்களின் சராசரி அன்று. ஆடும் இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு திறனுக்கும் வெவ்வேறு எடை கொடுத்துக் கூட்டப்படுவது. ஃபிஃபா கேம் தொடரில் ரசிகர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கண்டறிந்த சூத்திரத்தின்படி, சென்டர் பேக்கின் ஓவராலில் நின்றபடி பந்தைப் பறிப்பதற்கு 17 விழுக்காடும், எதிராளியைக் கண்காணிப்பதற்கு 14 விழுக்காடும், இடைமறிப்புக்கு 13 விழுக்காடும் எடை உண்டு. ஓட்ட வேகத்துக்கு 2 விழுக்காடு மட்டுமே; முடுக்கத்துக்கு எடையே இல்லை. ஆகவே உங்கள் வீரரின் வேகத்தை 50இலிருந்து 90ஆக உயர்த்தினாலும் ஓவராலில் ஓர் எண் கூடினாலே அதிகம். ஆனால் மைதானத்தில் அவர் முற்றிலும் வேறு ஆளாகிவிடுவார். ஓவராலும் ஆட்டப் பயனும் இந்த அளவுக்கு விலகி நிற்கும் இடம் வேறில்லை.

வேகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரீமியர் லீகில் 2024 ஜனவரியில் மிக்கி வான் டி வென் மணிக்கு 37.38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது பதிவானது. அவர் ஒரு சென்டர் பேக் என்பதைக் கவனியுங்கள். உயர்நிலை லீகில் ஆடும் சற்று மெதுவான ஒரு தற்காப்பு வீரர் 32 கிலோமீட்டரை எட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். அதை இந்த கேம்கள் 94 என்றும் 50 என்றும் எழுதுகின்றன. எண்ணில் பாதி என்பதால் ஓட்டத்திலும் பாதி என்று பொருளில்லை. கேமின் எஞ்சின் அந்த இடைவெளியைச் சுருக்கித்தான் பயன்படுத்துகிறது. ஏழில் ஒரு பங்கு என்பதையும் அற்பமாக எண்ண வேண்டாம். முழு வேகத்தில் ஓடும்போது அது நொடிக்கு 1.5 மீட்டர் இடைவெளி. இரண்டு நொடி நேர்க்கோட்டில் ஓடினாலே விங்கர் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் முன்னால் போய்விடுவார். ஆனால் உண்மை ஆட்டத்தில் அப்படி இரண்டு நொடி முழு வேகத்தில் ஓடும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. பெரும்பாலான ஓட்டங்கள் அந்த உச்ச வேகத்தை எட்டும் முன்பே முடிந்துவிடும். கேமிலோ பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் அந்த வாய்ப்பு கிடைத்துவிடுகிறது.

ஸ்லைடரைப் பொறுத்தவரை, அது எல்லாரையும் ஒரே அளவில் மெதுவாக்கும். இருவருக்கும் இடையிலான விகிதத்தைத் தொடாது. உங்கள் குறை இடைவெளியைப் பற்றியது என்பதால், வேக எண்களை நடுவை நோக்கி நெருக்குவதே வழி. 70ஐ நடுவாக வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் விலகலையும் பாதியாக்குங்கள்: 94 என்பது 82 ஆகும், 50 என்பது 60 ஆகும். கணினிப் பதிப்பில் ரசிகர்கள் உருவாக்கிய எடிட்டர்கள் மூலம் இதை ஒரு லீக் முழுமைக்கும் சில நிமிடங்களில் செய்துவிடலாம்.

மேலாளர்நாற்காலி:

மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் கேள்வியின் மையம் வேறிடத்தில் இருக்கிறது என்று கருதுகிறேன். ‘அந்த அறிவுக்குத்தானே 85 கொடுத்திருக்கிறார்கள்’ என்று கேட்டிருந்தீர்கள். கொடுத்திருக்கிறார்கள், ஐயமில்லை. ஆனால் நீங்கள் அந்த வீரரைத் தேர்ந்தெடுத்து ஸ்டிக்கைத் தள்ளும் நொடியில், அவருடைய மூளையைக் கழற்றிவிட்டு உங்கள் மூளையைப் பொருத்துகிறீர்கள். எங்கே நிற்பது, எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது என்பதையெல்லாம் அந்த நொடி முதல் முடிவு செய்வது உங்கள் கட்டைவிரல். அவரிடம் எஞ்சி இருப்பது உடல் மட்டுமே. அவருடைய உடலின் மதிப்போ 50. (உங்களைக் குறைவாகச் சொல்லவில்லை, என் கட்டைவிரலின் நிலையறிவு அதைவிட மோசம்.)

நான் பெரிதும் ஆடுவது, அணியை மேலாளராக நடத்தும் கேமான ஃபுட்பால் மேனேஜர். அங்கே திறன்கள் 1 முதல் 20 வரை. அவற்றுக்குப் பின்னால் தற்போதைய திறன், எட்டக்கூடிய திறன் என்று 200க்கு இரண்டு மறைமுக எண்கள் உண்டு. முன்கூட்டி உணர்தல், நிலையெடுத்தல், நிதானம், முடிவெடுத்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனி எண்கள் இருக்கின்றன. அவை உண்மையிலேயே வேலை செய்கின்றன. ஏனெனில் மைதானத்தில் எந்த வீரரையும் மனிதர் இயக்குவதில்லை. முதுமையில் வேகம் இழந்த தற்காப்பு வீரர் அங்கே மேலும் இரண்டு பருவங்கள் தாக்குப்பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சீரான ஆட்டம், பெரிய போட்டிகளில் தடுமாறாமை, காயமடையும் இயல்பு ஆகியவையும் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வீரர் எப்படிப்பட்டவர் என்பதை வாங்கிய பிறகு மெல்ல மெல்லத்தான் தெரிந்துகொள்ள முடியும். எல்லா எண்களும் அட்டையின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும் கேம்களில் இந்த அனுபவம் கிடையாது. 2008இல் எவர்டன் கழகம் இந்தத் தரவுத்தளத்தைத் தன் வீரர் தேடலுக்குப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டது என்பதிலிருந்தே அதன் தரம் விளங்கும். அதற்காக அது தவறே செய்யாதது என்று சொல்ல வரவில்லை. இதன் மூதாதையான சாம்பியன்ஷிப் மேனேஜரில் செர்னோ சாம்பா என்ற இளைஞரை வாங்காதவர் யார்? கேமில் அவர் உலகத்தரமான ஸ்ட்ரைக்கராக வளர்ந்தார்; உண்மை வாழ்க்கையில் அந்த உயரத்தை எட்டவில்லை. இளைஞர்களுக்கு எதிர்காலத் திறனைக் கணிப்பது எப்போதும் சூதாட்டம்தான்.

நடைமுறைக்கு ஒரு யோசனை: அந்த மூத்த வீரரை நீங்கள் இயக்காதீர்கள். பந்து அவர் பக்கம் வரும்போது தற்காப்பு நடுக்கள வீரரைத் தேர்ந்தெடுத்து விங்கரை ஓரத்துக்குத் தள்ளுங்கள்; சென்டர் பேக்கைக் கணினியிடம் விட்டுவிடுங்கள். அவருடைய இடைமறிப்பும் கண்காணிப்பும் அப்போதுதான் செயல்படத் தொடங்கும்.

இணையவழிப்போட்டியாளர்:

நீங்கள் மூவரும் கணினியை எதிர்த்து ஆடுபவர்களாக இருப்பதால் மெய்ம்மையைப் பற்றி இவ்வளவு பொறுமையாகப் பேச முடிகிறது. மனிதரை எதிர்த்து ஆடும் இடத்தில் மதிப்பெண் என்பது வீரரைப் பற்றிய விவரிப்பு அன்று. அது சதுரங்கக் காயின் நகர்வு விதி போன்றது. ஏதேனும் ஒரு திறன் மற்றவற்றைவிடச் சற்றே அதிகம் பயன் தருகிறது என்று தெரிந்துவிட்டால், ஒரே வாரத்தில் எல்லாருடைய அணியும் ஒன்றுபோல் ஆகிவிடும். பிஇஎஸ் 6 என்ற பழைய கால்பந்து கேமை ஆடியவர்களுக்கு பிரேசில் ஸ்ட்ரைக்கர் அட்ரியானோவை நினைவூட்டவே வேண்டியதில்லை. ஷாட் பவர் 99 கொண்ட அவருக்குப் பந்து கிடைத்தால், எதிரில் இருப்பவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். அவருடைய உதையின் வலிமை உலகறிந்தது என்பதால், மெய்ம்மையின்படி அந்த எண்ணில் பிழை சொல்ல முடியாது. ஆனாலும் அது ஆட்டத்தைக் கெடுத்தது.

வேகத்தின் ஆதிக்கத்தைக் குறைக்க எடுத்த முயற்சியும் எப்படி முடிந்தது என்று பாருங்கள். ஃபிஃபா 23இல் ஆக்ஸிலரேட் என்ற முறையைக் கொண்டுவந்து, ஓட்டத்தை எக்ஸ்ப்ளோசிவ், கண்ட்ரோல்டு, லெங்தி என மூவகையாகப் பிரித்தார்கள். லெங்தி வகையில், உயரமும் வலிமையும் உள்ளவர்கள் மெதுவாகத் தொடங்கி நீண்ட ஓட்டத்தில் எட்டிப்பிடிப்பார்கள் என்ற எண்ணம் நல்லதுதான், உண்மைக்கு நெருக்கமானதும்கூட. விளைவு என்னவென்றால், ஹாலண்ட், வான் டைக் போன்றோர் தங்களைவிட வேக எண் அதிகமுள்ள சிறிய விங்கர்களை ஓடிக் கடந்தார்கள். அதைக் கண்டவர்கள், வலிமையைக் கூட்டும் ஆர்க்கிடெக்ட் ஸ்டைலைப் பொருத்தி, கிடைத்த வீரரையெல்லாம் லெங்தி ஆக்கினார்கள். பிறகு பேட்ச் (கேமுக்கான திருத்தம்) போட்டு அதன் பலனைக் குறைத்தார்கள். ஃபிஃபா தொடர் பெயர் மாறி அடுத்த ஆண்டு வந்த இஏ எஃப்சி 24இல் மூன்று வகை ஏழானது. எத்தனை வகை வந்தாலும் சிறந்த ஒன்றைத் தேடிப்பிடிக்கும் ஆட்டக்காரர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

ஒரே அளவுகோல் என்ற எண்ணத்தையும் கைவிடுவது நல்லது. வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி அமைக்கும் எஃப்சி 24இன் அல்டிமேட் டீமில் பெண்களும் ஆண்களும் ஒரே அணியில் ஆட முடிந்தது. அலெக்சியா புட்டெயாஸுக்கும் எம்பாப்பேவுக்கும் ஒரே 91. இதைக் கண்டு கொதித்தவர்கள் பலர். என் பார்வையில் அதில் தவறே இல்லை: ஒவ்வொருவரின் எண்ணும் அவர் ஆடும் போட்டிக்குள் அவர் பெற்ற இடத்தைச் சொல்கிறது, அவற்றை ஒரே களத்தில் இறக்குவது சமநிலைக்காக எடுத்த வடிவமைப்பு முடிவு. என் கோபம் வேறு விஷயத்தில். பருவம் முதிர முதிரச் சிறப்பு அட்டைகளின் எண்கள் ஏறிக்கொண்டே போய், தொடக்கத்தில் உலகின் தலைசிறந்தவராக இருந்தவரின் சாதாரண அட்டை வசந்தகாலத்தில் மாற்று ஆட்டக்காரராகக்கூடத் தேறுவதில்லை. புதிய அட்டையை விற்க வேண்டுமென்றால் பழைய அட்டை மங்கித்தான் ஆக வேண்டும். பெல்ஜியத்தில் சூதாட்டச் சட்டத்தின் அழுத்தத்தால் 2019இல், அட்டைப் பொதிகளை வாங்க உதவும் ஃபிஃபா பாயிண்ட்ஸ் விற்பனையை நிறுத்தினார்கள். எண்ணேற்றம் மட்டும் எங்கும் நிற்கவில்லை. இதற்குச் சமநிலை என்று பெயர் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

தரவுத்திருத்தி:

இணையவழிப்போட்டியாளர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கணினியை எதிர்த்து ஆடும்போதும் சமநிலைச் சிக்கல் உண்டு. அதன் காரணம் கடிகாரம். ஒரு பாதிக்கு 6 நிமிடம் என்று வைத்தால் 90 நிமிட ஆட்டம் 12 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். உண்மை ஆட்டத்தில் கோலை நோக்கிய உதைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் கோலாகிறது. அதே விகிதத்தை 12 நிமிடத்தில் வைத்தால் பெரும்பாலான ஆட்டங்கள் 0–0 என முடியும். எனவே உதைகளை எளிதாக்குகிறார்கள், ஒருவரை ஒருவர் கடப்பதை எளிதாக்குகிறார்கள். நடுக்களவாசியைக் கடந்து போகும் அந்த விங்கர், 90 நிமிடத்தில் நிகழ வேண்டியதை 12 நிமிடத்தில் நிகழ்த்தியாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். பாதியின் நீளத்தை 10 நிமிடமாக்கிவிட்டு, இரு தரப்புக்கும் பாஸ் பிழை, ஷாட் பிழை ஸ்லைடர்களை 50இலிருந்து சற்று உயர்த்திப் பாருங்கள்.

நடுக்களவாசி:

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மேலாளர்நாற்காலி சொன்னதுதான் முதலில் பலித்தது. சென்டர் பேக்கைத் தொடாமல் விட்டேன்; மூன்றாவது ஆட்டத்திலேயே அவர் இரண்டு பாஸ்களை இடைமறித்தார், விங்கர் ஓடத் தொடங்குமுன் ஓரடி பின்வாங்கி நின்றார். இத்தனை நாள் அவரைக் கெடுத்தது நான்தான் என்பதை ஒப்புக்கொள்வது சற்றுக் கசப்பாக இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. பதற்றத்தில் விரல் தானாகவே அவரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

பிறகு லீக் முழுமைக்கும் வேகத்தைப் பாதியாக நெருக்கினேன். ஆட்டம் வெகுவாக மேம்பட்டது. ஆனால் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்திருக்கிறது: வேகமான விங்கர்களின் ஓவரால் ஒன்றோ இரண்டோ குறைந்துவிட்டது, மெதுவான சென்டர் பேக்குகளின் ஓவரால் அசையவே இல்லை. அதனால் கணினி அணிகள் அந்த விங்கர்கள் சிலரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவர்களைவிட மந்தமானவர்களை ஆட விடுகின்றன. சந்தை மதிப்பும் சரிந்திருக்கிறது. இழந்த எண்ணை வேறொரு திறனில் கூட்டி ஈடுகட்டலாம் என்றால் எதைக் கூட்டுவது? டிரிபிளிங்கா?

தரவுத்திருத்தி:

டிரிபிளிங்கைத் தொடாதீர்கள்; வேகத்தில் எடுத்ததை வேறு கையால் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். விங்கரின் ஓவராலில் ஓட்ட வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் சேர்த்து 13 விழுக்காடு எடை. இரண்டிலும் 12 குறைந்தால் இழப்பு ஒன்றரை. கிராஸிங்குக்கும் (ஓரத்திலிருந்து கோல் முன்னே பந்தை அனுப்புவது) குறுகிய பாஸுக்கும் தலா 9 விழுக்காடு எடை இருக்கிறது. இரண்டையும் 8 உயர்த்தினால் கணக்கு ஏறத்தாழ நேராகும். கிராஸ்கள் கொஞ்சம் கூர்மையாக வரும், அவ்வளவுதான். உங்கள் மூத்த சென்டர் பேக்குக்குத் தலையால் முட்டத் தெரியும் அல்லவா?