மீச்சிறு வரைபரப்பு: ஈரநில வரைபடங்களுக்கு ஒரு கலைச்சொல்

அன்பின் குழுவினருக்கு,

ஈரநிலக் கலைச்சொல் பட்டியலில் 'மினிமம் மேப்பிங் யூனிட்' இன்னும் தீராமல் நிற்கிறது. 'குறைந்தபட்ச வரைபட அலகு' என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. அலகு என்றதும் மீட்டர், கிலோமீட்டர்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது ஒரு பரப்பு: வரைபடத்தில் தனி உருவமாக எல்லைக்கோடு போட்டுக் காட்டப்படும் ஆகச் சிறிய நிலத்துண்டு.

இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நம் ஈரநிலங்களின் கதி இதில்தான் இருக்கிறது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் தயாரித்து 2011இல் வெளியான தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பின் அளவை 1:50,000. அதற்கு வைத்த வரம்பு 2.25 ஹெக்டேர், சுமார் ஐந்தரை ஏக்கர். 150 மீட்டர் பக்கமுள்ள சதுரமாக வைத்துக்கொண்டால், தாளில் அது மூன்று மில்லிமீட்டர் கட்டம். அந்தக் கட்டத்தை எட்டிய 2,01,503 ஈரநிலங்களுக்கு எல்லை கிடைத்தது. எட்டாத 5,55,557 வெறும் புள்ளிகளாயின. ஊருணியும் குட்டையும் பெரும்பாலும் புள்ளிக் கணக்கில்தான் வரும். புள்ளிக்குக் கரை கிடையாது. கரை இல்லாததில் ஆக்கிரமிப்பை எப்படி அளப்பது? 2017இல் உச்ச நீதிமன்றம் காக்கச் சொன்னதும் அந்த 2,01,503 ஈரநிலங்களைத்தான்.

என் முன்மொழிவு: மீச்சிறு வரைபரப்பு. மீ.சி.ம. கணக்குப் போட்ட எவருக்கும் 'மீச்சிறு' புதிதல்ல.

 

மறுமொழி 1

ஐயா, 'மீச்சிறு' நன்று. எனக்கு இரண்டு ஐயங்கள். படத்தில் எவ்வளவு சிறியது வரை பிரித்துக் காண முடியும் என்பதைச் சொல்ல 'பிரிதிறன்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று தேவையா? செயற்கைக்கோளுக்குத் தெரியாததை யாரும் வரைய முடியாதே. அடுத்து, 'வரை' என்றால் மலை, எல்லை என்றும் பொருளுண்டு. 'வரைப்பரப்பு' என்று வல்லினம் மிகுத்து எழுதுவோரும் வருவார்கள்.

மறுமொழி 2

அம்மா, இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகள்.

பிரிதிறன் கருவிக்குரியது. அந்தத் தொகுப்புக்குப் பயன்பட்ட, லிஸ்-3 என்ற செயற்கைக்கோள் படக்கருவி எடுத்த படத்தில் ஒரு படவணு (பிக்சல்) தரையில் 23.5 மீட்டர் பக்கமுள்ள சதுரம். 2.25 ஹெக்டேருக்குள் அப்படிப்பட்ட படவணுக்கள் நாற்பதுக்குக் கிட்ட அடங்கும். ஆக, அதைவிடச் சிறிய குளமும் படத்தில் தெரியத்தான் செய்தது. தெரிந்ததால்தானே புள்ளி வைத்தார்கள்! வரம்பு எங்கே என்பது வரைகிறவர்கள் எடுத்த முடிவு. நாடு முழுவதையும் ஒரே அளவையில் வரைய அப்படி ஒரு முடிவு தேவைப்பட்டது, அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் முடிவு என்பதால் மாற்றவும் முடியும். அதே மூன்று மில்லிமீட்டர் கட்டத்தை 1:10,000 அளவையில் வைத்துப் பாருங்கள்: தரையில் 30 மீட்டர் பக்கம், 0.09 ஹெக்டேர். ஊர்க்குட்டைக்கும் கரை கிடைத்துவிடும். மாவட்ட அளவிலாவது இதைச் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'பிரிதிறன்' என்று எழுதினால் பழி கருவியின்மேல் போய்விடும், மாற்றக் கேட்கவும் யாருக்கும் தோன்றாது.

'வரைபரப்பு' வினைத்தொகை. வரைந்த, வரைகிற, வரையும் பரப்பு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது; 'வரைபடம்' என்று எழுதுகிறோமே தவிர 'வரைப்படம்' என்பதில்லை. மலை என்ற குழப்பம் அங்கே வராதபோது இங்கும் வராது.

மறுமொழி 3

சரி ஐயா, ஏற்கிறேன். ஆனால் தனிச்சொல்லாக மட்டும் பட்டியலில் ஏற்றவேண்டாம். வரைபடக் குறிவிளக்கத்தில் எழுதத் தக்க வரியையும் சேர்த்தே தருவோம்: "மீச்சிறு வரைபரப்பு 2.25 ஹெக்டேர். இதனினும் சிறிய ஈரநிலங்கள் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் எல்லை வரையப்படவில்லை." கடைசித் தொடரை யாரும் வெட்டிவிடக் கூடாது.